மின்விசிறிக்கடியில் பத்தொன்பது மீன்கள்

பாஸ்போர்ட்டுக்குள் விசாத் தாள் இருக்கிறதா என்று என் மனைவி சுமதி பார்க்கவில்லை. அவள் எழுதிக்கொடுத்த தாள் இருக்கிறதா என்றுதான் இரண்டு முறை திறந்து பார்த்தாள். நாற்பது சுட்ட களிமண் மணிகள், ஒரு நீலக் கண்ணாடிப் பதக்கம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: “அங்கே எதையும் தொடாதீங்க.”

சுமதி கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கைவினை நகைக் கடை வைத்திருக்கிறாள். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் இரண்டு பெண்கள் களிமண்ணிலும் கண்ணாடியிலும் கையால் செய்யும் மணிகளை இணையத்தில் பார்த்து மயங்கி, தபாலில் வரவழைத்தாள். வந்தது மணி அல்ல, மாவு. இரண்டாம் தடவையும் மாவு. மூன்றாம் தடவை, கீழே விழுந்தாலும் உடையாத, வேறு வேலை எதுவும் இல்லாத, ஓய்வூதியம் வாங்கும் பார்சல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதுதான் நான். நீலப் பதக்கம் எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு. வடிவத்தை அவளே முடிவு செய்து, அவளே சொல்லிவைத்துவிட்டாள். நான் அதைக் கொண்டுவந்து அவளைத் திகைக்க வைக்க வேண்டும். ஏற்பாடு அப்படி.

முப்பது வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தத் தகவலை நினைவில் வையுங்கள். பின்னால் என்னை அவமானப்படுத்த உதவும்.

வியாழக்கிழமை காலை முல்லைத்தீவுப் பக்கம் போகும் பேருந்தில் ஏறியதும் முன்வரிசையில் ஓர் இருக்கை காலியாக என்னைப் பார்த்துச் சிரித்தது. பின்னால் பன்னிரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இது மட்டும் ஏன் காலி என்று யோசிக்கிற அறிவு இருந்திருந்தால் நான் வேறு உத்தியோகம் பார்த்திருப்பேன். உட்கார்ந்தேன். ஜன்னலோரம். வயல், குளம், மறுபடியும் வயல். நம் காவிரிக் கரையில் வயலுக்கு நடுவே மனை விற்பனைப் பலகை இருக்கும். இங்கே மயில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

நாலாவது நிறுத்தத்தில் வெள்ளை அங்கி அணிந்த பாதிரியார் ஒருவர் ஏறினார். நடத்துநர் என் தோளைத் தட்டினார்.

“ஐயா, எழும்புங்கோ. இது மதகுருமாருக்கு ஒதுக்கின சீற்.”

தலைக்கு மேலே பலகை இருந்தது. மூன்று மொழியில் எழுதியிருந்தது. எனக்கு அதில் ஒரு மொழி தாய்மொழி.

பாதிரியாருக்கு நாற்பது வயதிருக்கும். “இருங்கோ, பரவாயில்லை” என்றார். பெருந்தன்மையில் அவரை வென்றே தீருவது என்று நான் துள்ளி எழுந்தேன். அந்தத் துள்ளலில் யாரோ ஒரு அம்மாவின் தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்தேன். மிச்சப் பயணம் முழுவதும் அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தேங்காயை மட்டும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் இறங்கிய நிறுத்தத்தில் யோகன் ஓட்டோவோடு நின்றான். முப்பது வயது. நான்கு நாளும் என்னை ஏற்றி இறக்கிய பாவம் அவனுடையது. “இந்தியா அண்ணையோ? உங்களை வடிவாப் பாத்துக்கொள்ளச் சொல்லி அக்கா ஃபோன் எடுத்தவா” என்றான். எந்த அக்கா என்றேன். சுமதி அக்காவாம். கடல் தாண்டியும் என் சுதந்திரம் அவ்வளவுதான்.

மணி செய்யும் இடம் மலரின் வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை. மலரின் முன்னோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். குடும்பம் எப்போதோ இங்கே இறங்கி வந்து வயலைப் பிடித்துக்கொண்டது. களிமண் மணி அவள் பொறுப்பு. கண்ணாடி, பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் பொறுப்பு. ஜெசிந்தா முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி உள்ளே வந்தவள். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஒருத்தி நெற்றியில் திருநீறு, மற்றவள் கழுத்தில் சின்னச் சிலுவை. ஒரே விசிறி, ஒரே ரேடியோ, ஒரே சண்டை.

“வாங்கோ அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்றாள் ஜெசிந்தா.

“காபி கிடைக்குமா?”

கிடைத்தது. கொத்தமல்லியும் இஞ்சியும் போட்ட கோப்பி. கும்பகோணத்துக்காரன் முகம் எதையும் மறைக்காது. மலர் அதைப் பார்த்துவிட்டு, “சளி இருந்தா போயிரும்ணே” என்று ஆறுதல் சொன்னாள். எனக்குச் சளி இல்லை. ஆனால் அது போய்விட்டது போலத்தான் இருந்தது.

சுமதியின் நாற்பது மணிகளும் தயாராக இருந்தன. களிமண் மணிகள் மெருகு உருகும்போது ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க, பழுதான மின் அடுப்பின் சூட்டுக்கம்பியை நீட்டி அதில் கோத்து, எண்ணெய்ப் பீப்பாய்ச் சூளையில் தொங்கவிட்டுச் சுடுகிறாள் மலர். மஞ்சளும் குளத்துப் பச்சையுமாக ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நான் நிபுணர்போல ஒன்றை எடுக்கப் போனேன். சிவப்பு மை நினைவுக்கு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கண்ணுக்குத் தடையில்லை அல்லவா? அப்போதுதான் கவனித்தேன். மலர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எலுமிச்சை அளவு களிமண் மணி ஒன்று, நடுவே பிளந்து, பாதி கருகி. ஜெசிந்தாவின் சிலுவைக்குப் பக்கத்திலும் ஒரு கறுப்புக் கயிறு. அதில் மஞ்சள் கண்ணாடி மணி, பாதி காணோம்.

“அடடா, இதுதாங்க கலை!” என்று ஆரம்பித்தேன். “ரெண்டு பேரும் போட்டிருக்கீங்களே, இதைத்தான் உங்க உச்சம்னு சொல்வேன். அந்த வெடிப்பு எவ்வளவு இயல்பா ஓடுது! என் மனைவி பார்த்தா நூறு கேட்பா. எப்படிச் செய்றீங்க?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜெசிந்தா அவசரமாக உள்ளே போனாள். குசினி என்று அவர்கள் சொல்கிற சமையலறையிலிருந்து யாரோ துணியை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிற சத்தம் வந்தது.

மலர் முகம் மட்டும் மாறவில்லை. “அது கஷ்டமான டெக்னிக்ணே. பழகணும்.”

நான் அதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இரவுச் சாப்பாடு பிட்டும் கணவாய்க் கறியும். நம்மூர்ப் புட்டு குழாயிலிருந்து ஒழுக்கமாக வெளியே வரும். இது தட்டில் மணலாகக் குவிந்து கிடந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டபின், இதுவும் ஒரு நாகரிகம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜெசிந்தா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எரிவாயுச் சுவாலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உடைத்துக் கழுவிய பச்சைப் போத்தல் துண்டுகள் ஒரு கோப்பையில். சைக்கிள் சக்கரத்துக் கம்பியை மலரின் களிமண் கரைசலில் தோய்த்துக் காயவைத்திருந்தாள். அப்படிச் செய்யாவிட்டால் கண்ணாடி கம்பியை விட்டுக் கழலாதாம். போத்தல் துண்டு சுவாலையில் சிவந்து, தேன் மாதிரி தளர்ந்து, கம்பியைச் சுற்றிக்கொண்டது. ஒரு உருட்டு, உடம்பு வந்தது. இடுக்கியால் ஒரு கிள்ளு, வால். ஊசியால் ஒரு குத்து; கண். என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். நான் பதினைந்து நிமிடம் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் இது செய்தி.

செய்து முடித்த மீனைக் கம்பியோடு ஒரு மண்பானைக்குள் செருகினாள். பானை நிறைய உமிச் சாம்பல், அடியில் தணல்.

“யாருக்கும்மா இத்தனை மீன்?”

“எங்கட கரைக் கோயில்ல ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளுக்கு முதல் நன்மை அண்ணை, முதன்முதலா நற்கருணை வாங்கிற நாள். பத்தொன்பது பிள்ளையள். வருசா வருசம் வெளிநாட்டுக் காசு வாற வீட்டுப் பிள்ளை சங்கிலி போட்டு வரும். இல்லாதது வெறுங்கழுத்தோட நிக்கும். இந்த முறை புதுசா வந்த ஃபாதர் சொல்லிப்போட்டார், தங்கம் ஒருத்தருக்கும் இல்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி மீன் எண்டு. கன தாய்மாருக்குக் கோவம். மீன் வராட்டி சங்கிலியை வெளியில எடுக்க அவையள் ரெடியா நிக்கினம்.”

ஒரு மீனின் வாலைக் கிள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

“என்ர முதல் நன்மைக்கு அம்மா அயல்ல ஒரு சங்கிலி இரவல் வாங்கினவா. பூசை முடிஞ்சு கோயில் வாசல் தாண்டேல்லை, அந்த மனிசி எல்லாருக்கும் முன்னால என்ர கழுத்தில கையை விட்டுக் கழட்டி எடுத்துக்கொண்டு போயிட்டுது. கேக்கு வெட்டேக்க நான் கழுத்தைப் பொத்திக்கொண்டு நிண்டனான்.”

பதினொரு மணிக்குப் பத்தொன்பதாவது மீன் சாம்பலுக்குள் போனது. ஜெசிந்தா பானைக்கு மூடி போட்டாள்.

“நாளைக்குக் காலமை வரைக்கும் இதில ஒருத்தரும் கை வைக்கப்படாது. மெல்ல மெல்லத்தான் ஆறவேணும். விளங்குதோ அண்ணை?”

“எனக்கா? முப்பது வருஷ இயற்பியல்மா!” என்றேன்.

இருவரும் சந்தைக்குப் போனார்கள். பகல் இரண்டு மணிக்கு சுமதி வீடியோவில் கூப்பிட்டாள். என்ன செய்கிறார்கள், காட்டுங்கள் என்றாள். பானையைக் காட்டினேன். பானையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் அனுப்பினேன் என்றாள். ஆகவே நான் எதையும் தொடவில்லை. குசினியிலிருந்து அகப்பையை எடுத்து, அகப்பையால்தான் ஒரு மீனை வெளியே எடுத்தேன். விதிக்கு உட்பட்டுத்தான் எல்லாம் நடந்தது.

“பச்சை அழகா இருக்கே” என்றாள் சுமதி. சிக்னல் போய்விட்டது.

‘டிக்.’

மீனின் வால் தனியாக விழுந்தது.

அந்தக் கணத்தில் என் மூளை செய்த வேலையை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஐயோ, சூடு அதிகமாகிவிட்டது, உள்ளே மற்ற பதினெட்டும் வெந்துகொண்டிருக்கின்றன, நான் காப்பாற்றாவிட்டால் யார் காப்பாற்றுவார்கள் என்றது. கும்பகோணத்தில் எது கொதித்தாலும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஆற்று. டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு முழ உயரத்தில் காபியைப் பறக்கவிட்டு வளர்ந்த கை. அகப்பையால் பதினெட்டையும் எடுத்துப் பெரிய தட்டில் பரப்பினேன். மேசை விசிறியை அவற்றின் பக்கம் திருப்பினேன். வேகம் மூன்று.

டிக். டிக். டிக் டிக். பிறகு ஒரு சின்ன மழை.

சூடான கண்ணாடி திடீரென்று குளிர்ந்தால் ஏன் விரிசல் விடுகிறது? ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒன்பதாம் வகுப்பில் முப்பது வருடம் கேட்டிருக்கிறேன். ‘வெளிப்புறம் முதலில் சுருங்குகிறது’ என்று எழுதாத பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் அந்தத் தகரக் கொட்டகையில் வரிசையாக வந்து நின்று என்னைப் பார்த்தார்கள்.

அவர்கள் போவதற்குள் மலரும் ஜெசிந்தாவும் வந்துவிட்டார்கள்.

ஜெசிந்தா தட்டைப் பார்த்தாள். விசிறியைப் பார்த்தாள். என் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தாள்.

“ஃபான் போட்டது ஆர்?”

கொட்டகையில் நான் ஒருவன்தான் இருந்தேன். இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

அவள் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; திட்டு வாங்கி எனக்குப் பழக்கம் உண்டு.

“என்னாண்ணே,” என்றாள் மலர், “எல்லாத்தையுமா? ஒண்ணு ரெண்டு விட்டு வைக்கலாமில்ல?”

“நான் எதையும் பாதியில விடமாட்டேன்மா” என்றேன். பேசியிருக்கக் கூடாது.

மலர் ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்தாள். ஜெசிந்தா வாலறுந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, கூர்முனையைக் கல்லில் தேய்த்து, கம்பி போன துளையில் கயிற்றை விட்டுக் கோத்தாள். பத்தொன்பதும் முடிந்ததும் எழுந்து வந்து என் கழுத்தில் போட்டாள்.

“இது எங்கட பட்டறைச் சட்டம் அண்ணை. உடைச்சவர் கட்டவேணும். அடுத்தது பழுதில்லாமல் வரும் மட்டும் கழட்டப்படாது. குளிக்கேக்கையும்தான்.”

மெல்ல எனக்கு வெளிச்சம் வந்தது. “அப்போ நேத்து நான் உங்க கழுத்தில பாத்துப் பாராட்டினது…”

“சொன்னேன்ல,” என்றாள் மலர். “கஷ்டமான டெக்னிக்.”

இப்போது ஜெசிந்தாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. பச்சைப் போத்தல் தீர்ந்துவிட்டது. மூலையில் இருந்த சாக்கு நிறைய மண்ணிறப் போத்தல்தான். அதை இந்தச் சுவாலையில் பிடித்தால் கறுத்து ஈரல் துண்டு மாதிரி வருமாம். “ஈரலைக் கழுத்தில கட்டிக்கொண்டு எந்தப் பிள்ளை நன்மை எடுக்கும்?”

“பச்சை போத்தல் நான் கொண்டு வர்றேன்” என்றேன். என் வாழ்க்கையில் நான் இதுவரை மதுக்கடைக்குள் கால் வைத்ததில்லை என்பதை அப்போது சொல்லத் தோன்றவில்லை.

யோகன் என் கழுத்தைப் பார்த்தான். “சட்டமோ?” என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மதுக்கடைக்காரர் வெற்றுப் போத்தல் தரமாட்டேன் என்றார். வெறும்போத்தல் எல்லாம் எண்ணிக் கொம்பனிக்குத் திரும்பிப் போகவேண்டுமாம். “நிறைஞ்ச போத்தல் எடுங்கோ. குடிச்சா வெறும்போத்தல் உங்களுக்குத்தானே” என்றார். மறுக்க முடியாத தர்க்கம். பச்சைப் போத்தலில் வருகிற பியர் ஆறு வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற இருவர் திரும்பி, முதலில் என் வழுக்கையை, பிறகு என் மீன்மாலையை, பிறகு போத்தல்களைப் பார்த்து, மரியாதையாக வழிவிட்டார்கள்.

யோகன் வண்டி ஓட்டவேண்டும். அவனிடம் கொடுக்கக் கூடாது. நான் குடிப்பதில்லை. ஆகவே சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து மண்ணில் ஊற்றினேன். யோகன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பார்க்கச் சகிக்கவில்லையாம். சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் இறங்கி, சைக்கிளை நிறுத்தி, சாவு வீட்டில் நிற்பது போல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நான்காவது போத்தலின்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளை அங்கி. பேருந்துப் பாதிரியார்.

“நீங்கள் சீற் தந்தவரல்லோ?”

“ஆமாங்க ஃபாதர்.” கையில் பியர் நுரைத்துக்கொண்டிருந்தது.

அவர் கண் என் கழுத்துக்கு வந்தது. “இது… ஜெசிந்தா செய்யிற எங்கட மீன் மாதிரி இருக்குது?”

அவர்தான் அந்தக் கரைக் கோயில் ஃபாதர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்வைக்குச் சுமாரான ஒரு பொய்யைத் தேடினேன். “இது சாம்பிள், ஃபாதர்.”

“வால் இல்லை.”

“வால் கடைசியில வரும்.”

அவர் என்னை நம்பவில்லை. குனிந்து, வால் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு, “அண்ணை, உங்களுக்கு என்ன தொடர்போ எனக்குத் தெரியாது. ஆனால் ஜெசிந்தாவிட்டைச் சொல்லுங்கோ, ஞாயிறு காலமை ஏழரைக்கு முதல் எனக்குக் கையில வேணும். இண்டைக்கும் நாலு தாய்மார் வந்து கேட்டவை. மீன் இல்லை எண்டால் எனக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை” என்றார். மண்ணை நனைத்த பியரைப் பார்த்து, “மரத்துக்கு நல்லதோ?” என்றார்.

“நீர்ச்சத்து” என்றேன்.

திரும்பும் வழியில் காட்டு ஓரத்தில் யோகன் வண்டியை நிறுத்தினான். “ஆனை கடக்குது. கொஞ்சம் பொறுங்கோ.” முன்னால் சாலையின் குறுக்கே ஒரு மலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பு நடுங்கியதும் கழுத்தில் பத்தொன்பது மீனும் கலகலவென்று நடுங்கின. யானை நின்று காதை விரித்தது.

“அண்ணை,” என்றான் யோகன் மூச்சுவிடாமல், “மாலையைக் கையில பிடியுங்கோ.”

பிடித்தேன். யானைக்கு அவசர வேலை ஏதோ இருந்திருக்க வேண்டும். போய்விட்டது.

ஆறு போத்தலையும் வெற்றிக் கோப்பைபோல ஜெசிந்தாவின் முன்னால் அடுக்கினேன். அவள் எண்ணிப் பார்த்தாள்.

“ரெண்டு போத்தலே காணுமே அண்ணை, ஆறு எதுக்கு? சொல்லியிருப்பனே.”

சனிக்கிழமை காலை வேறு சிக்கல். சுவாலை இரண்டு நிமிடம் எரிந்து அணைந்தது. சிலிண்டர் காலி. டவுனில் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். மலர் தன் குசினிக்குப் போய், அடுப்பிலிருந்து சிலிண்டரைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தாள். பாதிதான் இருந்தது.

“அப்ப சமையல்?” என்றேன்.

“விறகு இருக்குண்ணே. ஊத ஆள் இருக்கு.” என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று முழுவதும் நான் விறகடுப்பை ஊதினேன். ஒட்டுசுட்டானின் பாதிப் புகை என் நுரையீரலில் இன்னமும் இருக்கிறது. நான் வைத்த பருப்பை மலரின் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, “இந்தியாவுல இப்படித்தான் வைப்பாங்களா?” என்று பணிவாகக் கேட்டார். இந்தியாவின் கௌரவத்தை உத்தேசித்து ஆமாம் என்றேன்.

முந்தின நாள்போல் மீன்கள் வேகமாக வரவில்லை. வாயு குறைவு என்பதால் ஜெசிந்தா சுவாலையைச் சின்னதாக வைத்துச் செய்தாள். மாலை நாலு மணிக்குப் பதினெட்டு. சுவாலை நீலம் போய் மஞ்சளாகித் தலையாட்டத் தொடங்கியது. மலர் வெந்நீரில் நனைத்த சாக்கைச் சிலிண்டரைச் சுற்றிக் கட்டினாள். சுவாலை கொஞ்சம் நிமிர்ந்தது.

ஜெசிந்தா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தாள்.

“அண்ணை, இனி காஸ் ஒண்டுக்குத்தான் காணும். சுமதி அக்காவுக்கு நீலம் செய்து தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். அவாவின்ர கலியாண நாள். நீங்கள்தான் சொல்லவேணும்.”

இது நியாயமா? உடைத்தது நான். தீர்ப்பும் நானா? ஒரு பக்கம் இருபத்தைந்து வருட இல்லற வாழ்க்கை. அதில் மிச்சம் இருப்பதன் பாதுகாப்பு. மறுபக்கம் பெயர் தெரியாத பத்தொன்பதாவது பிள்ளை. அந்தப் பிள்ளை யாராக இருந்தாலும், கேக் வெட்டும்போது கழுத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிற கை எப்படி இருக்கும் என்று முந்தின நாள் கொட்டகையில் பார்த்திருந்தேன்.

“மீன்” என்றேன்.

“அக்காவுக்கு என்ன சொல்லுவீங்கள்?”

“அவகிட்ட நான் இதுவரைக்கும் எதையும் சொல்லி முடிச்சதில்லைம்மா. நீ போடு.”

பத்தொன்பதாவது மீனின் வாலைக் கிள்ளியதும் சுவாலை ஒரு தரம் பொக்கென்று நின்றது. கண் குத்த நேரமில்லை. ஜெசிந்தா கம்பியைச் சாம்பலுக்குள் செருகி மூடி போட்டாள். மலர் மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அகப்பை?” என்றாள் ஜெசிந்தா.

“அதையும் வச்சுப் பூட்டிட்டேன்.”

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எல்லோரும் பானையைச் சுற்றி நின்றோம். நான் மட்டும் நாலடி தள்ளி. அது என் இடம் என்று மலர் கரியால் கோடு போட்டிருந்தாள். ஜெசிந்தா சாம்பலை விரலால் விலக்கி முதல் மீனை எடுத்தாள். ஊதினாள். வெறுங்கம்பியால் மெல்லத் தட்டினாள். ‘டிங்.’ பச்சை மீன், முழு வால். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் என் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. கடைசியாகக் கண்ணில்லாத மீன். அதையும் தட்டினாள். அதுவும் பாடியது.

“இதை ஒருத்தருக்கும் தராதீங்க, பிள்ளை அழும்” என்றேன் நான், பொறுப்பாக.

“சும்மா இருங்கோ அண்ணை. நித்திரை கொள்ளுற மீன் எண்டு சொன்னால் அதுக்குத்தான் எனக்கு எனக்கெண்டு அடிபடுவினம்.”

ஏழு இருபதுக்கு ஃபாதரின் கையில் பெட்டி. ஓட்டோவில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தது மலர். நான் பின்னால் சாக்குமேல். பூசைக்கு முன் வாசலில் நின்று ஃபாதர் பிள்ளைகளின் கழுத்தில் ஒவ்வொரு மீனாகப் போட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கவுண், கடற்காற்று. நித்திரை மீனுக்கு உண்மையாகவே தள்ளுமுள்ளு நடந்தது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி வென்றாள். மூன்று தாய்மார் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். பையைத் திறக்கவில்லை.

பூசை முடிந்து பிள்ளைகள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். ஜெசிந்தா வாசலில் ஒரு பக்கமாக நின்று, கழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் யாருடைய கழுத்திலும் கையை விடவில்லை. கடைசிப் பிள்ளை தாண்டியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரியான வெக்கை” என்றாள். அவ்வளவு வெக்கை இல்லை.

ஃபாதர் என்னைக் கண்டுபிடித்துக் கிட்ட வந்தார். என் கழுத்தில் இன்னமும் பத்தொன்பது. “வால் வந்திட்டுது போல” என்றார். எனக்கு ஒரு துண்டு கேக் தந்தார். பெரிய மனிதர்.

ஓட்டோவுக்குப் பக்கத்தில் வைத்து ஜெசிந்தா என் கயிற்றை அறுத்தாள். பதினெட்டு மீனைப் பைக்குள் போட்டாள்; உருக்கினால் மீனாகாது, சின்ன மணிதான் ஆகுமாம். ஒன்றை மட்டும் திரும்பக் கோத்து முடிச்சுப் போட்டாள்.

“நீலம் இன்னும் வரேல்லைத்தானே. அது செய்து அனுப்பும் மட்டும் இது கிடக்கவேணும். சட்டம்.”

“விசிறி பத்திரம்ணே” என்றாள் மலர்.

கும்பகோணத்தில் நான் வாசல்படி ஏறுமுன் சுமதி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது மணிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள், ஒன்றுகூட மாவாகவில்லை. நீலம் எங்கே என்றாள். எரிவாயு தீர்ந்துபோனது, தபாலில் வரும் என்றேன். தபால் என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அடுத்த வாக்கியத்தை விழுங்கினேன்.

வரவேண்டிய திட்டு வரவில்லை. அவள் பார்வை என் சட்டைப் பொத்தானுக்கு மேலே வந்து நின்றிருந்தது. கயிற்றைப் பிடித்து என்னையும் சேர்த்து வெளிச்சத்துக்கு இழுத்தாள். வாலில்லாத பச்சை மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஓடிய வெடிப்பில் வெயில் பட்டு மூன்று நிறம் காட்டியது.

“ஏங்க, இதுதாங்க வேலைப்பாடு! இதை விட்டுட்டு நீலத்தைக் கேட்டேன் பாருங்க. இந்த வெடிப்பை எப்படி இவ்வளவு இயல்பா கொண்டு வந்தாங்க? நமக்கு ஐம்பது சொல்லிடுங்க.”

இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக என்னிடம் அவள் ஒரு சந்தேகம் கேட்கிறாள். முகத்தை மாற்றாமல் சொன்னேன்:

“அது கஷ்டமான டெக்னிக், சுமதி. பழகணும்.”